சித்திரபுரத்தில் சுழன்ற ஞானம்

எங்கள் மலைக்கு ஞானம் காய்கறி ஜீப்பில் வந்தது. சுருட்டிய கான்வாஸ் துணிகளுக்கும் ஒரு முட்டைக்கோஸ் மூட்டைக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்து வந்த ஓவியரை முதலில் பார்த்தவள் நான்தான். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூடுபனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், இது திரை. தெரியுதா? உங்களுக்கும் உண்மைக்கும் நடுவுல தொங்கற திரை."

எனக்கும் எஞ்சினியர் பங்களாவுக்கும் நடுவில் தொங்கிய மூடுபனி அது. அவர் வழி கேட்கிறார் என்று நினைத்து, "அப்படியே மேட்டுல ஏறுனீங்கன்னா பச்சை கேட்டு வருமுங்க" என்றேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பாலக்காட்டுப் பெருமாட்டிப் பக்கம் ஒரு தோட்டக்காரக் குடும்பத்திலிருந்து கல்யாணமாகி, மூணாறை அடுத்த சித்திரபுரத்து மின்வாரியக் குடியிருப்புக்கு வந்து சில மழைக்காலங்கள் ஆகியிருந்தன. கணவருக்கு ஓவர்சியர் வேலை. குழந்தை இல்லை, தையல் மெஷின் இருந்தது. அங்கே பெண்களுக்கு மழையைப் பார்ப்பதையும் கிளப்புக்குப் போவதையும் தவிர வேறு பொழுது கிடையாது. கிளப் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், கோடு அழிந்த ஒரு கேரம் பலகை, யாரும் படிக்காத ஆங்கிலப் பத்திரிகைகள்.

கிளப்பை ஆண்டவர் எஞ்சினியரம்மா. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். வருஷத்துக்கு ஒரு தத்துவம் கொண்டுவருவார். முந்தின வருஷம் ஜப்பானிய முறைப்படி பூ வைப்பது. ஒரு தட்டு, அதில் ஒரு கோணல் கிளை, ஒரு பூ, மீதியெல்லாம் வெற்றிடம். வெற்றிடம்தான் முக்கியம் என்று சொல்லிக்கொடுத்தார். குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டிலும் அது ஏற்கெனவே தாராளமாக இருந்ததால் நாங்கள் சுலபமாகத் தேறிவிட்டோம். இந்த வருஷம் பம்பாயில் தங்கை வீட்டுக்குப் போனவருக்கு, அங்கே ஏதோ அரங்கில் வெள்ளை அங்கி போட்ட சூஃபிகள் சுழன்று ஆடியதைப் பார்த்து, மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லையாம். அந்தப் பரவசம் ஆறுவதற்குள் அதே அரங்கின் வெளியே படங்களை விற்றுக்கொண்டிருந்த இந்த ஓவியரைப் பிடித்து, மலையில் வந்து மௌனத்தை வரையுங்கள் என்று அழைத்திருக்கிறார். எஞ்சினியர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே ஒன்றும் சொன்னதில்லை. மௌனத்தை வரைய வந்தவர் அவரையே வரைந்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் படங்களை மாட்டினார்கள். ஒன்றில் சுடர், அதைச் சுற்றி விட்டில் பூச்சி. ஒன்றில் வாய் அகன்ற கிண்ணம். ஒன்றில் திறந்த கூண்டு. கடைசிப் படம் முழுவெள்ளை, நடுவில் தோசைக்கல் அளவு கறுப்புப் புள்ளி. எங்கள் ஆட்கள் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள். கழுத்து வலிக்கும்வரை நிற்பதுதான் மரியாதை என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஓவியர் விளக்கினார். விட்டில் என்பது ஆத்மா. சுடர் என்பது காதலன். சுடரைத் தூரத்தில் நின்று பார்க்கிற விட்டிலுக்கு வெளிச்சம் தெரியும், கிட்டே போனதற்குச் சூடு தெரியும், உள்ளே விழுந்து எரிந்ததற்குத்தான் எல்லாம் தெரியும். ஆனால் அது திரும்பி வந்து சொல்லாது. சொல்லும்போது அவர் குரல் நன்றாகவே இருந்தது. எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து என் கணவர் காதருகே குனிந்தார்.

"ஏம்புள்ள, விட்டில் பல்புல வுழுந்து செத்தா ஞானம்னா, மழைக்காலத்துல நம்ம ஊட்டுல தெனம் ஒரு மொறம் ஞானம் கூட்டி அள்ளறயே."

சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். எஞ்சினியரம்மா அதைப் பார்த்துவிட்டார். நான் அழுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். என்னுடைய துன்பம் அங்கேதான் தொடங்கியது.

மறுநாளே வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், அதுவும் தத்துவம்.

"நேத்திக்கு நீ கண் கலங்கினதைப் பார்த்தேனாக்கும். உனக்குள்ள அது இருக்கு, கேட்டியோ? கிளப் ஆண்டு விழாவுக்கு நாங்க அஞ்சு பேர் சுழலப் போறோம். உடுப்பெல்லாம் நீதான் தைக்கணும்."

"தைக்கறனுங்க. என்ன மாதிரிங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். வெள்ளைப் பாவாடை, அது அகந்தையின் பிணத்துக்குச் சுற்றும் கபன் துணி. உயரமான தொப்பி, அது அகந்தையின் சமாதிக் கல். மேலே ஒரு கறுப்புப் போர்வை, அது கல்லறை. சுழல ஆரம்பிக்கும்போது போர்வையைக் கழற்றிப் போட்டால் கல்லறையிலிருந்து எழுந்ததாக அர்த்தம். வலது உள்ளங்கை வானத்தைப் பார்க்கும், வாங்குவதற்கு. இடது உள்ளங்கை பூமியைப் பார்க்கும், கொடுப்பதற்கு. இடது பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், இதயம் அங்கே இருப்பதால்.

"ஏனுங்க, உசுரோட இருக்கறப்பவே கபன் துணி போடறதுங்களா?"

"அதாக்கும் விஷயமே!" என்று என் முழங்காலைத் தட்டினார். "சாகறதுக்கு முன்னாடி செத்துடணும்."

அவர் போனபின் மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். ஐந்து அகந்தைகள். எஞ்சினியரம்மாவுக்கு இடுப்பளவு கொஞ்சம் கூட. ஒரே அளவில் எல்லாருக்கும் கல்லறை தைக்க முடியாது.

துணி வாங்க மூணாறுக்குப் போனோம், அவர், ஓவியர், நான். ஜவுளிக்கடைக்காரர் ஒரு ராவுத்தர். என் பிறந்த ஊர்ப் பக்கத்து மனிதர், பேச்சு எங்கள் பேச்சேதான். மல் துணியை மேசைமேல் உருட்டிவிட்டபோது எஞ்சினியரம்மா அவர் முகத்தை ஆர்வமாகப் பார்த்தார். இவ்வளவு நாளாகத் தேடிய ஓர் அசல் முஸ்லிம் கிடைத்துவிட்டார் என்ற பார்வை. நாங்கள் செய்யப் போவதை எல்லாம் சொன்னார்.

"நீங்க சொல்லுங்கோ, இது சரிதானே? உங்களவா இப்படித்தானே சுழல்றது?"

ராவுத்தர் ஓவியரின் தாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க பள்ளிவாசல்ல யாரும் சுத்தறதில்லீங்கம்மா. தொழுவோம், வந்துருவோம். எனக்கு ராட்டினத்துல ஏறுனாலே வாந்தி வந்துருங்க."

எஞ்சினியரம்மாவின் முகம் வாடியது. ஓவியர் அவரைத் தேற்றினார். "கடலுக்குள்ள இருக்கிற மீனுக்குக் கடல் தெரியாது மேடம்." அது ராவுத்தர் காதிலும் விழுந்தது. அவர் கோபப்படவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, "எத்தனை கஜங்க வெட்டட்டும்?" என்று மட்டும் கேட்டார். மீனுக்கு வியாபாரம் தெரிந்திருந்தது.

தொப்பிக்குச் சரியான துணி அந்த மலையில் எங்கே கிடைக்கும்? எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள் மழைக்குப் போர்த்திக்கொள்கிற கம்பளிதான் கிடைத்தது. வெட்டி, நனைத்து, தூக்குப்போணியைக் கவிழ்த்து அதன்மேல் இழுத்துக் கட்டிக் காயவைத்தேன். சித்திரபுரத்து மழையில் கம்பளி காய்ந்த கதை ஏது? அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டியதாயிற்று. எங்களுக்குப் பால் கொண்டுவரும் எஸ்டேட் அக்கா ஒருநாள் காலையில் எட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டாள்.

"என்னக்கா இது, அடுப்புக்கு மேல அஞ்சு கருங்குரங்கைக் கட்டித் தொங்க விட்டிருக்கீக?"

"சமாதிக் கல்லு."

"யாருக்கு?"

"எங்க கிளப்புப் பொம்பளைகளுக்குத்தான்."

அவள் அவசரமாகப் பாலை அளந்து ஊற்றினாள். மறுநாளிலிருந்து வாசலிலேயே நின்று ஊற்றிவிட்டுப் போனாள். காய்ந்து முடிந்தபோது தொப்பிகளில் தாளித்த வெங்காய வாசனை ஏறியிருந்தது. பின்னால் என் அகந்தை புதைக்கப்பட்ட இடத்திலும் கடைசிவரை சாம்பார் மணம்தான்.

ஒத்திகை தொடங்கியது. கேரம் பலகையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, எஞ்சினியரம்மாவும், டாக்டர் மனைவியும், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இருவரும், கணக்காளர் மனைவியும் கூடத்தில் நின்றார்கள். ஓவியர் சிவப்புக் கம்பளத்தில் உட்கார்ந்து, அதுதான் குருவின் பீடம் என்று அறிவித்தார். அவர் சுழலவில்லை. குரு சுழலுவதில்லையாம், சூரியன் சுழலுவதில்லை என்பதுபோல. பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் ஒரு புல்லாங்குழல் ஒலித்தது. நாணல் தன் நாணற்படுகையைப் பிரிந்த துயரத்தில் அழுகிறது என்றார். பேட்டரி இறங்க இறங்க அழுகை கனத்து, கடைசியில் எருமை கத்துவது போல ஆகும்.

முதல் நாள் ஐந்து பேரும் ஐந்து திசையில் போய் விழுந்தார்கள். ஒரு டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எஞ்சினியரம்மா தரையில் மல்லாந்து படுத்து, "மலை சுத்தறது, கேட்டேளா, மலையே சுத்தறது!" என்றார். அண்டம் முழுவதும் சுழல்கிறது என்பதை உணர்ந்துவிட்டார் என்று ஓவியர் மகிழ்ந்தார். இரண்டாம் நாள் டாக்டர் மனைவி வரவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டாராம்.

ஒரு நாள் ஒத்திகையின் நடுவில் ஓவியரின் வேட்டியில் ரத்தம். அட்டை கடித்திருந்தது, கிளப்புக்கு வரும் புல்வழியில் அது சாதாரணம். ஒரு டீச்சர் உப்பு எடுக்க ஓடினார். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"விடுங்க. குடிக்கட்டும். 'நான்' என்கிறது வெளியே போகுது."

அட்டை குடித்து முடித்து உருண்டு விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை, அட்டைக்கடி அப்படித்தான். 'நான்' பாதம் வரை வழிந்ததும் அவர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "யாராவது டாக்டரைக் கூப்பிடுங்களேன்" என்றார், மிகவும் சாதாரணமான குரலில். அன்றைக்கு மட்டும்தான் அவர் எங்களில் ஒருவராக இருந்தார்.

டாக்டர் மனைவியின் இடத்துக்கு ஆள் வேண்டும். பாவாடை அளவு பார்க்கப் போயிருந்த என்னை, "நீ வாடி, சும்மா ஒரு தடவை" என்று எஞ்சினியரம்மா டாக்டர் மனைவியின் பாவாடையைக் கட்டச் சொல்லி இழுத்து நிறுத்தினார். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. சுற்றினேன். எதுவும் ஆகவில்லை. இன்னும் சுற்றினேன். பாவாடை குடை மாதிரி எழும்பி என்னைச் சுற்றி நின்றது. ஜன்னல்கள் கலந்து ஒரே வெள்ளைக் கோடாகின. நின்றபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை சுற்றவில்லை.

ஓவியர் பீடத்திலிருந்து எழுந்துவிட்டார். "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க சிஸ்டர்? யார் உங்க குரு?"

"குருவெல்லாம் இல்லீங்க. எங்கய்யன் ஊட்டுல செக்கு இருந்துச்சுங்க. கடலை ஆட்டறப்ப பாரத்துக்கு எங்களைத்தான் தூக்கி மேல உக்கார வெப்பாங்க. மாடு சுத்தும், நாங்களும் கூடவே சுத்துவோம்."

"கண் கட்டின மாடு!" என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். "அதுதான் ஆத்மா. எண்ணெய் என்பது சாரம். பிண்ணாக்கு என்பது உடல்."

அந்தப் பிண்ணாக்கைத்தான் அந்த மாடு தின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க வாய் வரை வந்தது. எஞ்சினியரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். எனக்குள் 'அது' இருப்பதாகச் சொன்னவர் அவர்தான். ஆனால் அது இவ்வளவு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் ஒழுங்கு மாறியது. அவர் மேடை நடுவில் அச்சாக நின்று சுழல்வார். நான் பின்வரிசையில், திரை ஓரம், கோள்களில் ஒன்று.

வருத்தம் இருந்ததா? இருந்தது. ஆனால் வேறொன்றும் இருந்தது. தினமும் ஒத்திகைக்கு மூன்று மணி ஆவதற்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன். சுற்றுகிற அந்த நேரத்தில் மாமியார் கடிதத்தில் கேட்கும் கேள்விகள் இல்லை, விசேஷம் ஏதாவது உண்டா என்று கண்ணால் வயிற்றைத் துழாவுகிற அக்கம்பக்கம் இல்லை. ஒன்றுமே இல்லை. ஓவியர் சொன்ன காதலனும் இல்லை, சுடரும் இல்லை. பாவாடை விளிம்பு காற்றை அறுக்கும் சத்தம் மட்டும் இருக்கும்.

ஓணம் கழிந்த வாரம் ஆண்டு விழா. தலைமை தாங்கக் கோட்டயத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். கம்பளிச் சால்வை, காதில் பஞ்சு. மேடைக்குப் பின்னால் அந்தக் கறுப்புப் புள்ளி, இப்போது மாட்டுவண்டிச் சக்கரம் அளவு. குவார்ட்டர்ஸ் முழுவதும் வந்திருந்தது. பால் அக்காவும் வந்து வாசல் பக்கமாக நின்றாள், எதற்கும் ஓடத் தயாராக.

குழல் அழத் தொடங்கியது. கல்லறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல, நடுவில் நின்ற அச்சு நகர்ந்தது. எஞ்சினியரம்மா சுழன்றபடியே ஒரு டீச்சரை உரசினார், மேடை ஓரத்துக்கு வந்தார், இரண்டு படி இறங்கினார். எப்படி விழாமல் இறங்கினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கைகள் மேலும் கீழும் அப்படியே இருக்க, முதல் வரிசைக்கு முன்னால் சுழன்று, தன் கணவரைக் கடந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார். தொப்பி மட்டும் கதவு நிலையில் இடித்து உள்ளே விழுந்து, பெரிய அதிகாரியின் காலடியில் உருண்டு நின்றது.

அதிகாரி எழுந்து நின்றார். அவர் நின்றதும் எல்லாரும் நின்றார்கள். வெளியே டேலியாச் செடிகளுக்குள் எஞ்சினியரம்மா வாந்தியெடுக்கும் சத்தம் குழலோடு கலந்து கேட்டது. அதைத் தேம்பல் என்று எடுத்துக்கொண்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். எஞ்சினியர் மட்டும் சத்தமில்லாமல் ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே போனார்.

நான் நிற்கவில்லை. டேப் முடியும்வரை சுற்றினேன். நின்றபோது மேடையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாத் தலையும் கதவுப் பக்கம்.

அதிகாரி மலையாளத்தில் நீண்ட நேரம் பேசினார். மேடை என்பது சம்சாரம், அம்மையார் அதைத் துறந்து வாசல் கடந்து போனார், கிரீடத்தை வாசலிலேயே விட்டுச் சென்றார், இவ்வளவு துணிச்சலான ஒரு கடைசிக் காட்சியைத் தான் டெல்லியில்கூடக் கண்டதில்லை என்றார். கைதட்டல் தகரக் கூரையில் மோதியது. வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்த எஞ்சினியரம்மா ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் கைகூப்பினார். அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன். அவமானம் ஞானமாக மாறுவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது. ஒரு வாரத்துக்குள் அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "கதவு என்னைக் கூப்பிட்டது, கேட்டியோ. நான் போகலை. நான்னு ஒருத்தி அப்போ இல்லவே இல்லை."

பாவாடைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த என்னிடம் ஓவியர் வந்தார். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன்.

"நல்லா சுத்தினீங்க சிஸ்டர். ஆனா ஒண்ணு. நீங்க கடைசி வரைக்கும் தடுமாறவே இல்லை. தடுமாறாதவங்களுக்கு 'நான்' இன்னும் உள்ளே இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப வாந்தியெடுத்திருந்தா ஞானிங்களா?"

"கிண்டல் பண்றீங்க பாருங்க, அதுவும் அகந்தைதான்."

"ஆமாங்க" என்றேன். "உங்களுக்கு அட்டை கடிச்சப்ப வெளிய போன 'நான்' அன்னைக்கே டாக்டர் ஊட்டுல இருந்து திரும்பி வந்துருச்சு போலிருக்குங்க."

அவர் பதில் சொல்லவில்லை. அதை மௌனம் என்று வரைந்தாரா தெரியாது. மாதக் கடைசியில் அதே காய்கறி ஜீப்பில் போய்விட்டார். கறுப்புப் புள்ளியைக் கிளப்புக்கு அன்பளிப்பாக விட்டுப்போனார். பின்னால் பையன்கள் அதில் பந்தெறிந்து பழகினார்கள். எஞ்சினியருக்கு மாற்றலாகி, எஞ்சினியரம்மா மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போய், அங்கே ஏதோ மூச்சுப் பயிற்சியைத் தொடங்கியதாகக் கேள்வி.

நான் சுற்றுவதை விடவில்லை. கணவர் ஆபீஸ் போனதும் முன்னறையில் கட்டிலைத் தள்ளிவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சேலையோடே சுற்றுவேன். ஒருநாள் தாழ் போட மறந்துவிட்டேன். அவர் ஏதோ எடுக்கத் திரும்பி வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் சுற்றி முடித்ததும் கேட்டார்.

"ஏம்புள்ள, இதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தத்தையெல்லாம் அந்தம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க. சுத்தறது மட்டும் எனக்கு மிச்சங்க."

அவர் குடையை மூலையில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "எந்தக் கை மேல?" என்று கேட்டார். காட்டினேன். மூன்றாவது சுற்றில் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், கண்ணை இறுக மூடியபடி. அன்று ஆபீஸுக்கு அரை நாள் லீவு.